வரைபடத்தை என்ன செய்வது?

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

"மலை இல்லாத காவல் கோபுரம் எதுக்குப்பா?" என்று அன்று போனில் கேட்டாய். பதில் வரவில்லை, வெடுக்கென்று வைத்துவிட்டேன். நாலு நாள் ஸ்பானர் பிடித்ததில் கோபம் இறங்கிவிட்டது. தோள்பட்டை வலிதான் மிச்சம்.

மலை உச்சியில் காட்டுத்தீயைக் கண்காணிக்க நின்ற கோபுரத்தை, கீழே இளையோர் முகாமில் நிறுத்துவதற்காகப் பிரித்து முடித்துவிட்டோம். முதலில் கூரை, அப்புறம் ஏழடிக்கு ஏழடி கண்ணாடி அறை, கடைசியில் கால்கள். கப்பி போட்டு ஒவ்வொரு இரும்புச் சட்டமாகக் கயிற்றில் இறக்கினோம். பாதி நட்டுகள் எண்ணெய்க்கு மசியவில்லை, அறுத்துத்தான் எடுத்தோம். சட்டங்களுக்கு எண் போடுவது என் வேலை. மார்க்கரில் எழுதினேன். இரவு மழை. காலையில் பார்த்தால் முதல் இருபது சட்டங்களில் ஒன்றிலும் எண் இல்லை! பழைய போட்டோவை வைத்துக்கொண்டு எது எதோடு சேரும் என்று தேடியதிலேயே ஒரு பகல் போயிற்று. இப்போது தகட்டில் எண்ணைத் தட்டிக் கம்பியால் கட்டியிருக்கிறேன். உன் அம்மா இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

நீ கேட்டதில் நியாயம் இருக்கிறது. மரம் வெட்டிப் போட்ட சருகிலும் கழிவிலும் ரயில் எஞ்சினின் பொறி விழுந்து, 1903லும் 1908லும் நியூயார்க் மாநிலத்தின் அடிரான்டாக் மலைகளில் லட்சக்கணக்கான ஏக்கர் எரிந்தது. அதன் பிறகுதான், 1909ல், உச்சிகளில் ஆள் வைத்தார்கள். முதலில் மரக் கோபுரம், 1916லிருந்து இரும்பு. சிகாகோவில் காற்றாலை செய்த ஏர்மோட்டார் கம்பெனியின் சரக்கு. அதனால்தான் பார்க்க இறக்கை கழற்றிய காற்றாலை மாதிரி இருக்கிறது. அந்த உச்சிக்காகவே வந்த பொருள் இது. இடம் மாறிய கட்டடத்துக்கு, பாதுகாக்க வேண்டிய பழைய இடங்களின் அரசுப் பட்டியலான தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் பொதுவாக இடமில்லை என்றாயே, அதுவும் சரி. ஆனால் புகையைத் தேட விமானங்கள் வந்து காவலர்கள் இறங்கிப்போன பின் அங்கே படிப்பலகைகள் உளுத்துவிட்டன. விட்டிருந்தால் பழைய இரும்புக்குத்தான் போயிருக்கும். இளையோர் முகாமில் பிள்ளைகள் ஏறுவார்கள். எனக்கு அது போதும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. கண்ணாடி அறை நடுவில் வட்ட மேஜை, அதில் வரைபடம், மேலே சுழலும் குறிபார்க்கும் சட்டம். புகை தெரிந்தால் அதன் வழியே பார்த்துத் திசையை டிகிரியில் போனில் சொல்வார்கள். ஒரு கோபுரத்துக்குத் திசைதான் தெரியும், தூரம் சரியாகப் பிடிபடாது. இன்னொரு கோபுரமும் தன் திசையைச் சொல்ல, இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் நெருப்பு. அந்த வரைபடத்தின் நட்டநடுவில் இருப்பது பழைய உச்சி. முகாமில் நிறுத்தினால், வரைபடத்தில் ஏரி இருக்கும் திசையில் சாப்பாட்டுக் கூடம் நிற்கும்!

புது வரைபடம் அச்சடித்து ஒட்டிவிடலாம் என்கிறார்கள் இங்கே. எனக்கு மனசு வரவில்லை. பழையது மேஜையிலேயே இருக்கட்டும். முகாமைச் சுற்றி இருப்பதைப் பிள்ளைகளே மேலிருந்து பார்த்து, டிகிரி குறித்து, தனியாக ஒன்று வரையட்டும் என்று நினைக்கிறேன். வரையச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். கோடு போடுவதில் என் கை எப்படி என்று உனக்கே தெரியும்.

அடித்தளக் கான்கிரீட் இறுகிக்கொண்டிருக்கிறது. ஜூலையில் நிமிர்த்துகிறோம். வரும்போது உன் பழைய காம்பஸை எடுத்து வா. என்னுடையது வடக்கைக் காட்டி வெகு நாளாயிற்று.

அன்புடன்,
அப்பா