இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு மடல்

பண்டைய கிரேக்க ஈட்டிப் போரைச் செய்து பார்த்து ஆராயும் குழுக்களின் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். கடந்த இரண்டு கோடைகளில் உங்களைப் போன்ற ஒரு குழுவோடு, கேடயமும் ஈட்டியும் ஏந்தி, அணியின் இரண்டாம் வரிசையில் நின்றவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். கிரேக்கக் காலாள் வீரர்கள் ஈட்டியைத் தோளுக்கு மேலே ஓங்கிக் குத்தினார்களா, இடுப்பருகே தாழப் பிடித்துக் குத்தினார்களா என்ற நெடுநாள் வழக்கைத் தீர்க்க நீங்கள் எடுக்கும் முயற்சியை மதிக்கிறேன். ஆனால் நான் பார்த்தவரை சோதனைகளில் அளக்கப்படுவது முன்வரிசைக்காரன் கையில் பிறக்கும் விசையும், அது இலக்கில் இறங்கும் ஆழமும்தான். அவனுக்குப் பின்னால் நிற்பவனுக்கு என்ன ஆகிறது என்று குறித்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. நெருக்க அணியில் எந்தப் பிடி செல்லும், எது செல்லாது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் அந்தப் பின்னவன்தான் என்பது என் வாதம்.

டோரி என்று அவர்கள் அழைத்த ஈட்டி ஏறத்தாழ 2 முதல் 2.5 மீட்டர் நீளம். முன்னால் இலை வடிவ இரும்பு அலகு. பின்னால், உலக்கைக்குப் பூண் பிடிப்பது போல, ஆனால் கூரான வெண்கலப் பூண். அந்தப் பூணின் எடையாலும், தண்டு முன்னோக்கிச் சிறுத்துச் செல்வதாலும், சமநிலைப் புள்ளி நடுவை விட்டுப் பின்னுக்கு நகர்கிறது. அங்கே பிடித்தால் கைக்கு முன்னே நீளம் மிஞ்சும். பின்னே முக்கால் மீட்டருக்குச் சற்று மேல் மட்டுமே நீட்டிக்கொண்டிருக்கும். நான் நின்ற குழுவில் பாதுகாப்புக் கருதிப் பூணைக் கழற்றிவிட்டிருந்தார்கள். தண்டும் அடி முதல் நுனி வரை ஒரே பருமனுள்ள கழி. ஆகவே எல்லோரும் ஈட்டியை நடுவில் பிடிக்க வேண்டியதாயிற்று. எட்டும் தூரத்தில் ஏறத்தாழ ஒரு முழம் போயிற்று. பின்னால் நீளும் வாலில் அதே முழம் கூடிற்று. எதைச் சோதிக்கக் கூடினோமோ அதையே கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, இரண்டு நாள் வெயிலில் நின்றிருக்கிறோம்.

அந்த இரண்டு நாளில் நான் கற்றதைச் சொல்கிறேன். முற்பகலில் எனக்கு முன்னே நின்றவர் ஈட்டியை ஓங்கிப் பிடித்துச் சாய்வாகக் கீழ்நோக்கிக் குத்தியபோது, அதன் வால் என் தலைக்கு மேலே காற்றில் ஆடியது. எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. மூன்றாவது சுற்றுக்குள் அவர் கை ஓய்ந்து, முழங்கை தோளுக்குக் கீழே இறங்கியது. முழங்கை இறங்க அலகு மேலெழுந்தது. அலகு எழ வால் தாழ்ந்தது. அவர் அடுத்த குத்துக்குக் கையைப் பின்னிழுத்த கணத்தில் கழியின் முனை என் தலைக்கவசத்தின் கன்னத்தகட்டில் மோதி, பல் அதிர்ந்து, காதுக்குள் மணி அடித்தது. பூண் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதியிருக்க வேண்டும். ஓங்கிய பிடி பின்னவனுக்கு ஆபத்தா என்று கேட்டால், கை புதிதாக இருக்கும்வரை இல்லை என்பேன். அது எத்தனை நிமிடம் என்பதே அளக்க வேண்டியது. அதை யாரும் அளக்கவில்லை.

தாழ்ந்த பிடியின் கதை வேறு. வால் என் கேடயத்தில்தான் வந்து மோதியது; சத்தம் அதிகம், காயம் இல்லை. ஆனால் அணியை இறுக்கி, என் கேடயத்தை முன்னவர் முதுகோடு ஒட்டி நிறுத்தச் சொன்னதும், அவரால் ஈட்டியைப் பின்னிழுக்கவே முடியாமற்போனது. கிரேக்க நாட்டுக் கொரோனியாவில் கி.மு. 394இல் நடந்த போரைப் பற்றி எழுதும் கிரேக்க வரலாற்றாசிரியர் செனஃபோன், கேடயத்தோடு கேடயம் மோதித் தள்ளினார்கள், போரிட்டார்கள், கொன்றார்கள், மடிந்தார்கள் என்கிறார். அவர் அந்தக் களத்தில் இருந்தவர். அந்தத் தள்ளல் பின்வரிசைகளின் உடல் எடையையும் சேர்த்த தள்ளல்தானா என்பது இன்றும் வழக்காடப்படும் விஷயம். இரண்டு வழக்குகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. தள்ளல் உண்மையென்றால், அந்நேரத்தில் தாழ்ந்த பிடி செத்த பிடி.

பக்கவாட்டு இடைவெளிக்கும் இதே கதிதான். கேடயத்தின் குறுக்களவு ஏறத்தாழ 90 சென்டிமீட்டர், அதாவது இரண்டு முழம். பிற்காலக் கிரேக்கப் போர்க்கலை நூல்கள் வீரனுக்கு நான்கு முழம், இரண்டு முழம், ஒரு முழம் என மூன்று இடைவெளிகளைச் சொல்கின்றன; ஆனால் அவை மாசிடோனிய நீள்ஈட்டி அணிக்குச் சொன்னவை. இரண்டு முழத்தில் நின்றால் கேடயங்கள் விளிம்போடு விளிம்பு தொடும். அதற்கும் நெருங்கினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், தாழ்ந்த ஈட்டி வெளியே வர வழி இருக்காது. எத்தனை முழத்தில் நின்று சோதித்தீர்கள் என்று சொல்லாமல் முடிவை மட்டும் வெளியிடுவது, படியின் அளவைச் சொல்லாமல் இத்தனை படி நெல் என்று கணக்குக் காட்டுவது போன்றது.

பானை ஓவியங்களில் பெரும்பாலும் கை ஓங்கியே இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் எறிபவனின் கையும் அப்படித்தான் இருக்கும். ரோமின் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் உள்ள, கி.மு. 650 அளவில் தீட்டப்பட்ட சீகி குடுவை என்ற கிரேக்க ஓவியக் குடுவையில், கவசம் அணிந்துகொண்டிருக்கும் ஒருவன் அருகே ஈட்டிகள் இரண்டு, நீளத்தில் ஒன்றுக்கொன்று வேறுபட்டு, எறிவதற்கான வார் சுற்றப்பட்டு நிற்கின்றன. ஓவியம் தீர்க்காததால்தான் உங்கள் சோதனை தேவைப்படுகிறது.

இன்னொன்று. கி.மு. 479இல் பிளாட்டியாவில் கிரேக்கர்களோடு போரிட்ட பாரசீகர்கள் அவர்களின் ஈட்டிகளைக் கையால் பற்றி ஒடித்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். நம் சோதனைகளில் எதிரணி ஈட்டியைத் தொடக்கூடாது என்பது விதி. அந்த விதி இருக்கும்வரை, நீட்டிய ஈட்டியைத் திரும்ப இழுக்கும் வேகத்துக்கு மதிப்பே இல்லாமல் போகிறது. அதேபோல், கி.மு. 418இல் மாண்டினியாவில் நடந்த போரில் ஒவ்வொருவனும் வலப்பக்கத்தவனின் கேடய மறைவைத் தேடுவதால் அணியே வலப்புறமாக நகர்ந்தது என்று இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் சொல்வது ஆறு பேர் நிற்கும் வரிசையில் தெரிய வாய்ப்பு குறைவு. டீலியம் என்ற இடத்தில் நடந்த போரில் ஏதென்ஸ் அணி எட்டு வரிசை ஆழம், தீப்ஸ் அணி இருபத்தைந்து. அந்த அளவுக்கு ஆள் சேர்க்க யாராலும் முடியாது என்பதை அறிவேன். மூன்று வரிசையாவது நிறுத்துங்கள்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. நுனி சிறுத்த தண்டும், பூணின் எடைக்கு ஈடாக ஈயம் வைத்துத் தோலால் பொதிந்த உருண்டை முனையும் செய்துகொள்ளுங்கள். அந்த முனையில் துணி சுற்றி, ஓங்கிய பிடிக்குச் சிவப்பும் தாழ்ந்த பிடிக்கு நீலமுமாகச் சுண்ணப்பொடி தடவுங்கள். இடைவெளியை முழக்கயிற்றால் அளந்து நிறுத்தி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டத்தை நிறுத்தி, இரண்டாம் வரிசையின் தலைக்கவசங்களிலும் கேடயங்களிலும் எத்தனை சிவப்பு, எத்தனை நீலம் என்று எண்ணி எழுதுங்கள். அடுத்த கோடையில் அப்படி நடத்த முன்வரும் குழு எதுவானாலும், இரண்டாம் வரிசையில் எனக்கு ஓர் இடம் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கன்னத்தகட்டுக்கு உள்ளே தடித்த கம்பளி வைத்துத் தைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
இரண்டாம் வரிசைக்காரன் ஒருவன்