எங்கள் பிள்ளைகளுக்கு எது அந்நியம்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இணைப்பில் இளையோர் வாசிப்பைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். வெளிநாடுகளில் பதின்ம வயதினருக்கென்று எழுதப்படும் டிஸ்டோப்பியா நாவல்கள், அதாவது விதிகளும் கண்காணிப்பும் மனிதரை நசுக்குகிற கற்பனை ஊர்களின் கதைகள், "எங்கள் மண்ணுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் அந்நியமானவை" என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். யாழ்ப்பாணத்துப் பத்திரிகையில் யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இப்படி ஒரு வரி. நாலு நாளாகியும் அது என் மனதை விட்டுப் போகவில்லை.

நான் 31 வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள். என் பேத்தி தரம் ஒன்பதில் படிக்கிறாள். கனடாவில் இருக்கும் மூத்த மகள் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது அவளுக்கு 'தி கிவர்' நாவலைக் கொண்டுவந்து கொடுத்தாள். லோயிஸ் லோரி எழுதியது, 1993இல் வெளிவந்து அடுத்த வருடமே அமெரிக்காவின் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி விருது பெற்றது. கிழமையில் ரியூசன் இல்லாத இரண்டே இரண்டு பின்னேரங்களில் விறாந்தையில் இருந்து அவள் வாசிப்பாள். விளங்காத இடத்தில் நான் தமிழில் சொல்லிக் கொடுப்பேன்.

கதையில் வரும் ஜோனாஸின் ஊரில் பசி இல்லை, சண்டை இல்லை, நிறங்கள்கூட இல்லை. பழைய காலத்து நினைவுகள் முழுவதையும் ஒரேயொரு முதியவர்தான் சுமக்கிறார். மற்றவர்களுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. 12 வயதில் அந்தச் சுமையை வாங்கிக்கொள்ள ஜோனாஸைத் தெரிவு செய்கிறார்கள். அந்த ஊரில் 'ரிலீஸ்' என்று ஒரு சொல் அடிக்கடி வரும். வயது போனவர்களை ரிலீஸ் பண்ணுவார்கள். மூன்றாம் முறை விதி மீறினவர்களையும் பண்ணுவார்கள். நான் அதை 'விடுவிக்கிறது' என்று சொல்லிக் கொடுத்தேன்.

"விடுவிச்சா எங்க போவினம், அம்மம்மா?" என்று கேட்டாள். வேறு எங்கேயோ என்று அந்த ஊர்ச் சனம் நம்புகிறது என்றேன்.

பிறகு அந்த அத்தியாயம் வந்தது. உருவம் ஒத்த இரட்டைக் குழந்தைகள் பிறந்தால் நிறை குறைந்ததை ரிலீஸ் பண்ணவேண்டும். அதைச் செய்கிறவர் ஜோனாஸின் தகப்பன், மிகவும் அன்பான மனிதர். குழந்தைக்கு ஊசி போட்டு, அசைவு நின்றதும் பெட்டியில் வைத்து, கைகாட்டி அனுப்புகிறார். பேத்தி புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எனக்குக் கதை எழும்பவில்லை.

1996இல் எங்கள் ஒழுங்கை முகப்பில், என்னிடம் படித்த பையன் ஒருவனைச் சைக்கிளோடு மறித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்னால் ஓடிய தாய்க்கு "விசாரித்துவிட்டு விடுகிறோம்" என்றுதான் சொன்னார்கள். அந்தத் தாய் கண் மூடும்வரை இரவில் கேற்றைப் பூட்டவில்லை. 'விடுகிறோம்' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பது எங்கள் தலைமுறைக்குத் தெரியும், ஆசிரியர் அவர்களே. பேத்திக்குத் தெரியாது, அவள் 2011இல் பிறந்தவள். எங்கள் வீட்டில் அந்தக் கதையை எடுத்தால் மருமகன் டிவிச் சத்தத்தைக் கூட்டிவிடுவார். அவரைக் குறை சொல்லமாட்டேன், அவருக்கும் சொல்லமுடியாதவை இருக்கின்றன. ஆனால் அன்று பின்னேரம் அந்தப் பையனைப் பற்றி முதல் தடவையாக அவளுக்குச் சொன்னேன். இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த நாவல் இல்லாவிட்டால் நான் சொல்லாமலே போயிருப்பேன்.

அந்தக் கற்பனை ஊரில் சாதாரண வீடுகளில் மூன்று புத்தகங்கள்தான் இருக்கும்: ஒரு அகராதி, ஊரைப் பற்றி ஒரு நூல், விதிகளுக்கு ஒரு நூல். 1981 யூன் தொடக்கத்தில் எங்கள் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 புத்தகங்களோடு எரிந்தபோது என்னிடம் இரவலாக எடுத்த இரண்டு புத்தகங்கள் இருந்தன. திருப்பிக் கொடுக்க இடமில்லாமல் 14 வருடம் வைத்திருந்தேன். 1995 ஐப்பசியில் போரால் எங்கள் வலிகாமப் பகுதியை விட்டு எல்லோரும் நடந்தபோது அவையும் வீட்டோடு போயின. மின்சாரமே இல்லாத அந்தத் தொண்ணூறுகளில் ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்தோம். பத்திரிகைத் தாள் இல்லாமல் கோடு போட்ட கொப்பித் தாளில் இங்கே செய்தி அச்சடித்தார்கள். நீங்கள் அந்தக் காலத்தைக் கண்டவர், நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அப்படியிருந்தும் அந்த வரி எப்படி உங்கள் மேசையைக் கடந்து அச்சுக்குப் போனது?

இவ்வகைக் கதைகள் பிள்ளைகளின் மனதைக் குழப்பும் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அமெரிக்காவிலும் இதே நாவலைப் பள்ளிக்கூடங்களில் இருந்து எடுக்கச் சொல்லிப் பெற்றோர் பலர் முறையிட்டிருக்கிறார்கள். சரி, பயம் விளங்குகிறது. ஆனால் பத்து வயதுப் பிள்ளைகளைத் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளியால் இரண்டாகப் பிரிப்பது அவர்களைக் குழப்பவில்லையா? மேலே வந்த பிள்ளைகளின் படங்களை உங்கள் பத்திரிகை ஒவ்வொரு வருடமும் பக்கம் நிறையப் போடுகிறது. என் பேத்திக்கு மூன்று புள்ளி குறைந்தது. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு கிழமை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஜோனாஸின் ஊரில் 12 வயதில் ஒவ்வொருவருக்கும் வேலையைத் தீர்மானித்துச் சபையில் வாசிக்கும் இடம் வந்தபோது, "எங்களுக்கு ரெண்டு வருசம் முந்தியே நடக்குது" என்றாள். அதை அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

உங்கள் இளையோர் பக்கத்தில் முன்பு சிறுகதையும் நூல் அறிமுகமும் வரும். இப்போது மாதிரி வினாத்தாளும் விடையும்தான். இதைப் பற்றி இரண்டு வருடத்துக்கு முன் எழுதினேன். பாராட்டாக எழுதிய முதல் இரண்டு வரிகளை மட்டும் பிரசுரித்து, குறையை வெட்டிவிட்டீர்கள். மனம் நொந்தாலும் பேசாமல் இருந்தேன். எங்கள் பகுதி வாசிகசாலையிலும் இதே நிலைதான். சிறுவர் அலுமாரியில் படக்கதைகள், அதற்கு அடுத்த அலுமாரி பெரியவர்களுக்கு. 14 வயதுப் பிள்ளை இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டு வெறுங்கையோடு வருகிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, வினாத்தாளில் கால் பக்கத்தைக் குறைத்து, தான் வாசித்த புத்தகத்தைப் பற்றி ஒரு பிள்ளை எழுத இடம் விடுங்கள். பேத்தி எழுதிய இரண்டரைப் பக்கத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். எழுத்துப்பிழைகளைத் திருத்தலாம். கடைசியில் நீதி ஒன்றும் சேர்க்கவேண்டாம் என்று அவள் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
கொக்குவில்.