ஹாலிதேயின் இரண்டு புத்தகங்கள்

இஸ்தான்புல்,
ஞாயிறு

அன்புள்ள கோமு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்கு மூட்டுவலி தேவலாம், சின்னவளுக்குப் பரீட்சை நடக்கிறது. பெரியப்பா காரியம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். டீச்சர் வந்தாரா என்பதை மட்டும் விட்டுவிட்டாய். வராமல் இருந்திருக்க மாட்டார், அதுவும் அந்தப் பச்சைக் குடை இல்லாமல் வந்திருக்க மாட்டார். அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். துருக்கி எழுத்தாளர் ஹாலிதே எதிப் முதலில் ஆங்கிலத்தில் எழுதிய தன்வரலாற்றைத் துருக்கிப் பதிப்பிலிருந்தே பெயர்க்கலாம், நான் வரிவரியாகச் சொன்னால் நீ தமிழில் எழுதுவதாக ஏற்பாடு என்று முடிவே செய்துவிட்டாய். "ஆசிரியரே கடைசிக் காலத்தில் தாய்மொழியில் எழுதிக் கொடுத்தது, அதுதானே முறை" என்று பதிப்பாளர் சொன்னாராம். கோமு, வேண்டாம். அவர் சொல்வது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஒருவர் விஷயத்தில் அது பொருந்தாது. வியாழன் இரவிலிருந்து ஆங்கிலம், துருக்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். காதிக்கோய் அக்மார் பாசாஜில் ஒரு பழைய புத்தகக் கடையில் துருக்கியின் 1962 பதிப்பு கிடைத்தது. ஓரமெல்லாம் பழுப்பேறி, முன்பு வைத்திருந்தவர் பென்சிலால் கோடு போட்ட பிரதி. ஆங்கிலப் பிரதி என்னிடம் ஏற்கெனவே உண்டு.

முதலில் தேதிகளைப் பார். ஆங்கிலத்தில் முதல் பாகம் 1926, இரண்டாம் பாகம் 1928. துருக்கியில் இரண்டாம் பாகம் 1962, முதல் பாகம் 1963. நடுவில் முப்பது வருஷத்துக்கு மேல். 1964 ஜனவரியில் இறந்துபோனார். ஆங்கிலத்தில் எழுதியபோது அவர் நாட்டைவிட்டு வெளியேறியிருந்தார். கணவர் அத்னான் இருந்த எதிர்க்கட்சியை 1925இல் தடை செய்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு, நாட்டுத் தலைவர் முஸ்தஃபா கெமாலை (பிற்பாடு அத்தாதுர்க் என்று பெயர் பெற்றவர்) இஸ்மீரில் கொல்லச் சதி செய்ததாக நடந்த வழக்கில் அத்னான் பெயரையும் சேர்த்து, ஆள் இல்லாமலே விசாரித்து, பிறகு விடுவித்தார்கள். ஊருக்குத் திரும்ப முடியாத நிலையில், ஊரில் அச்சிட முடியாததை எழுத அவருக்கு ஆங்கிலம் இருந்தது.

அந்த ஆங்கிலம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பு. ஹாலிதேயின் அப்பா, சுல்தான் அப்துல் ஹமீதின் அரண்மனையில் உத்தியோகஸ்தர். ஆங்கிலேயர்கள் பிள்ளை வளர்க்கும் முறையில் அவருக்கு அப்படி ஒரு மோகம். அக்கம்பக்கத்துப் பெண் குழந்தைகள் பட்டு உடுத்தி நகை பூட்டிக்கொண்டு நிற்க, இந்தப் பெண்ணுக்கு மட்டும் குளிர்காலத்தில் கருநீல கவுன், கோடையில் வெள்ளை லினன், அதுவும் கையும் காலும் வெளியே தெரிய. சாப்பாடும் ஆங்கிலேயக் குழந்தைகளுக்குக் கொடுப்பதுபோல அளந்து. அம்மா காசநோயில் முன்பே போய்விட்டார். வளர்த்தது பாட்டி. பாட்டியின் உலகமோ தொழுகையும் பழங்கதைகளும். ஒரே வீட்டில் இரண்டும்! அப்புறம் உஸ்குதாரில் இருந்த அமெரிக்கப் பெண்கள் கல்லூரி. சேர்த்த கொஞ்ச நாளிலேயே, முஸ்லிம் பெண் அங்கே படிக்கக் கூடாது என்று சுல்தானின் ஆணை வந்து நிறுத்த வேண்டியதாயிற்று. வீட்டிலேயே படித்து, ஆபட் என்ற அமெரிக்கர் தாய்மார்களுக்காக எழுதிய நூலைத் துருக்கியில் பெயர்த்தார். 1897இல் அது வெளிவந்தபோது அதே சுல்தான் பதக்கம் கொடுத்தார். பிறகு கல்லூரிக்குத் திரும்பி 1901இல் பட்டம் வாங்கினார். அங்கே பட்டம் பெற்ற முதல் துருக்கி முஸ்லிம் பெண் அவர்தான்.

நீ அனுப்பிய மாதிரி அத்தியாயத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நடை அருமை. பாட்டி வரும் இடங்களில் உன் அம்மாவின் குரலே கேட்கிறது. ஆனால் தொடக்கத்தில் ஹாலிதே தன்னை "அந்தச் சிறுமி" என்றுதான் எழுதுகிறார். கொஞ்ச தூரம் போன பிறகுதான் "நான்" வருகிறது. வாசகருக்குக் குழப்பமாக இருக்கும் என்று முதல் வரியிலிருந்தே "நான்" போட்டுவிட்டாய். திருப்பி மாற்று. நாற்பதைத் தாண்டி, அந்நிய மண்ணில் உட்கார்ந்து எழுதுகிறவருக்குத் தன் குழந்தைப் பருவத்தை யாரோ ஒரு பிள்ளையைப் பார்ப்பதுபோலத் தள்ளி நின்று பார்க்கத் தோன்றியிருக்கிறது. அதை நாம் சரிசெய்ய வேண்டியதில்லை.

அப்புறம் முன்னுரையில் "துருக்கியின் ஜான்சி ராணி". உனக்கு யார் குதிரையில் ஏறினாலும் ஜான்சி ராணிதான்! குதிரை ஏறினார், படையில் கார்ப்பரலாக இருந்தார், 1920இல் இஸ்தான்புல் அரசாங்கம் முஸ்தஃபா கெமாலோடு சேர்த்து இவருக்கும் மரண தண்டனை விதித்தது, எல்லாம் உண்மை. ஆனாலும் அவர் சண்டையில் பெரும்பகுதி மேஜையில் நடந்தது. அங்காராவில் உட்கார்ந்து வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் பெயர்த்துத் தட்டச்சு செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஏப்ரலில் அனதோலு செய்தி நிறுவனம் தொடங்கியபோது அதற்குப் பெயர் வைத்ததும் அவர்தான். அதை எழுது, ராணியை விட்டுவிடு.

வெள்ளிக்கிழமை படகேறி உஸ்குதார் போனேன். சுல்தான்தெபே மேட்டில் உஸ்பெக் தர்வேஷ்களின், அதாவது சூஃபித் துறவிகளின், மடம் இருக்கிறது. 1920 மார்ச்சில், உலகப் போரில் வென்ற நேசநாட்டுப் படைகள் இஸ்தான்புல்லைப் பிடித்ததும் ஹாலிதேயும் அத்னானும் மாறுவேடத்தில் வந்து ஒளிந்து, அனதோலியாவுக்குக் கிளம்பியது அங்கிருந்துதான். ஏற்றம் முழங்காலை வாங்குகிறது. தாழ்ந்த கட்டடம், ஒட்டினாற்போல் சின்ன மயானம், தலைப்பாகை செதுக்கிய பழைய நடுகற்கள். அதே மயானத்தில் யார் அடங்கியிருக்கிறார் தெரியுமா? அஹ்மத் எர்தெகுன். அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸை ஆரம்பித்தாரே, ரே சார்ல்ஸ் பாட்டெல்லாம் வெளியிட்டாரே, அவர்தான். வாஷிங்டனில் துருக்கித் தூதராக இருந்தவரின் மகன். 2006இல் நியூயார்க்கில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். பாலு மாமாவிடம் சொல், ஒரு வாரத்துக்கு அதையே பேசிக்கொண்டிருப்பார்.

அந்த மடத்துக்குக் கிளம்பியபோது ஹாலிதேக்கு இரண்டு மகன்கள். அவர்கள் அப்பா சாலிஹ் ஸெக்கி, கணித மேதை. இரண்டாம் மனைவி எடுக்கிறேன் என்றதும் 1910இல் விவாகரத்து வாங்கியாயிற்று. இப்போது பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகிறார். பிற்பாடு சார்லஸ் கிரேன் என்ற அமெரிக்கரின் உதவியோடு பிள்ளைகள் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார்கள். தனக்குத் தூக்கு என்று தீர்ப்பான நேரத்தில் பிள்ளைகளை ஒப்படைக்க அவர் நம்பிய தேசம் அது.

இந்த நம்பிக்கைதான் அவரை மாட்டிவிட்டது. 1919இல் கிரேக்கர்கள் இஸ்மீரில் இறங்கியதும் சுல்தான்அஹ்மத் மைதானத்தில் பெரிய கூட்டம். மினாரங்களில் கறுப்புத் துணி. மசூதிக் கம்பிவேலியில் கறுப்புக் கொடி, அதில் வெள்ளை எழுத்தில் "வில்சனின் பன்னிரண்டாவது அம்சம்". துருக்கியர் பகுதிக்கு இறையாண்மை உண்டு என்று அமெரிக்க அதிபர் வில்சன் சொன்னது அது. மேலே நேசநாட்டு விமானங்கள் சுற்றுகின்றன. ஹாலிதே கறுப்பு உடையில் மேடையேறி, மக்கள் எங்கள் நண்பர்கள், அரசாங்கங்கள்தான் எங்கள் எதிரிகள் என்றார். ஆகஸ்ட் 10ஆம் தேதி முஸ்தஃபா கெமாலுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்: ஐரோப்பியர்கள் நாட்டைப் பங்குபோடாமல் இருக்க வேண்டுமானால், கொஞ்ச காலம் அமெரிக்காவின் பாதுகாப்பில் இருப்பது மேல். அமெரிக்கா பிலிப்பைன்ஸை எப்படி நவீனமாக்கியது பாருங்கள் என்று உதாரணம் வேறு! பிலிப்பைன்ஸில் எத்தனை ரத்தம் சிந்தியது என்பது கல்லூரிப் பாடத்தில் இருந்திருக்காது. அடுத்த மாதமே தேசியவாதிகளின் சிவாஸ் மாநாட்டில் அந்த யோசனை அடிபட்டுப்போயிற்று. அவரும் அங்காரா போய்ச் சுதந்திரத்துக்காக உழைத்தார். ஆனால் 1927 அக்டோபரில் முஸ்தஃபா கெமால் ஆறு நாள் தொடர்ந்து ஆற்றினாரே அந்தப் பெரிய உரை, அதில் இந்தக் கடிதத்தை எடுத்து வாசித்துவிட்டார். இன்றைக்கும் இங்கே ஹாலிதே என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் முதலில் சொல்வது அந்தக் கடிதத்தைத்தான்.

அதற்கு அடுத்த வருஷம் வந்ததுதான் ஆங்கில இரண்டாம் பாகம். இப்போது புரிகிறதா? அது பதில். அதில் ஒரு காட்சி இருக்கிறது. முஸ்தஃபா கெமால் தன் சொல்லுக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும் என்கிறார். நாட்டுக்கு உழைக்கிறீர்கள் என்று நான் நம்பும்வரை கட்டுப்படுவேன் என்கிறார் இவர். இல்லை, நான் சொல்வதைச் செய்தே ஆக வேண்டும் என்று அவர் சொல்ல, "இது மிரட்டலா பாஷா?" என்று ஹாலிதே கேட்கிறார். கெமால் உடனே இறங்கிவந்து வருத்தம் தெரிவிக்கிறார். இப்படி எழுத அன்றைக்கு யாருக்குத் துணிச்சல் இருந்தது, சொல். கெமாலின் திறமையையும் விட்டுக்கொடுக்காமல் எழுதுகிறார், பயமுறுத்தும் பக்கத்தையும் எழுதுகிறார். துருக்கிப் பதிப்பில் கெமாலைப் பற்றிய கூர்மையான இடங்கள் பலவும் நீங்கியிருக்கின்றன, அல்லது மழுங்கியிருக்கின்றன. 1951இலேயே அத்தாதுர்க்கின் நினைவை அவமதிப்பதற்குத் தண்டனைச் சட்டம் வந்துவிட்டது, இன்றும் அமலில் இருக்கிறது. அதுவும் போக, 1939இல் திரும்பி வந்து, பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுத்து, 1950இலிருந்து நான்கு வருஷம் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்துவிட்டு, சொந்த ஜனங்கள் நடுவில் முதுமையில் எழுதுகிறவருக்குப் பழைய கோபமே வேண்டாம் என்று தோன்றியிருக்கலாம். நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோபத்தோடு இருக்கும் புத்தகம் கையில் இருக்கும்போது, தமிழுக்கு ஏன் கோபம் வடிந்ததைக் கொண்டுபோக வேண்டும்? இங்கிருக்கிறவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. உனக்கு என்ன தடை?

கடைசியாக ஒன்று. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதல் பாகத்தில் அந்தூரா பகுதியை "சுருக்கலாம்" என்று பதிப்பாளர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். சுருக்கக் கூடாது. லெபனானில் பிரெஞ்சுப் பாதிரிமார் கல்லூரியாக இருந்த இடம் அது; முதல் உலகப் போரின்போது அந்தப் பகுதியை ஆண்ட ஒட்டோமான் தளபதி ஜெமால் பாஷா அதை அநாதை விடுதியாக்கினார். அர்மீனியக் குழந்தைகள், பெற்றோரைப் பறிகொடுத்தவர்கள். அவர்களுக்கு முஸ்லிம் பெயர் சூட்டினார்கள். ஹாலிதே இதை ஜெமாலிடம் ஆட்சேபித்ததாக எழுதுகிறார். ஒரு நாள் வரலாறு இதற்காக வருங்காலத் துருக்கியரைப் பழிவாங்கும் என்று சொன்னாராம். சொல்லியிருப்பார். ஆனால் சொன்ன அவரே பிறகு அந்த விடுதியின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அங்கே வளர்ந்த கார்னிக் பானியன் என்ற அர்மீனியர் எழுதிய நினைவுகள் 2015இல் ஆங்கிலத்தில் வந்தன. தாய்மொழியில் பேசியதற்கு அடி வாங்கிய பிள்ளையின் கண்ணில் அந்த இடம் எப்படி இருந்தது என்று அதில் இருக்கிறது. கோமு, அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கு ஹாலிதேயைப் பிடிக்கும், ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பக்கங்களில் ஒரு வரி குறைந்தாலும் என் பெயரைப் போடாதே. பானியன் நூலைப் பற்றி அடிக்குறிப்பும் வேண்டும், நானே எழுதித் தருகிறேன்.

பதிப்பாளரைச் சமாதானப்படுத்த ஒரு வழி இருக்கிறது. 1935இல் காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான டாக்டர் அன்சாரி அழைத்து ஹாலிதே டெல்லிக்கு வந்தார். ஜாமியா மில்லியாவில் சொற்பொழிவுகள், ஒன்றுக்குக் காந்தியே தலைமை. பால்கன் போரின்போது மருத்துவக் குழுவோடு துருக்கிக்கு வந்தவர்தான் அன்சாரி. தரியாகஞ்சில் அவர் வீட்டில்தான் ஹாலிதே தங்கினார். திரும்பிப் போய் இந்தியாவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார், 1937இல் லண்டனில் வந்தது. அதையும் ஆங்கிலத்தில்தான் எழுதினார் என்பதைப் பதிப்பாளரிடம் அழுத்திச் சொல். ஆங்கிலம் அவருக்கு ஒட்டவைத்த மொழி இல்லை. பிரபலமான நாவலையே முதலில் ஆங்கிலத்தில் 1935இல் வெளியிட்டு, அதன் பிறகுதானே துருக்கியில் புத்தகமாகக் கொண்டுவந்தார். அதற்கு அங்கே பரிசும் கிடைத்தது.

ஆக, ஆங்கிலத்தை மூலமாக வைத்துக்கொள். துருக்கிப் பதிப்பு எங்கெங்கே வேறுபடுகிறதோ அதையெல்லாம் நான் பக்க எண்ணோடு எழுதி அனுப்புகிறேன், முதல் மூன்று அத்தியாயங்களுக்கு இத்துடன் வைத்திருக்கிறேன். பக்கம் கூடுகிறது என்று அவர் முனகினால் உன் முன்னுரையைக் குறைத்துக்கொள்ளலாம். அவரிடம் நீயே நேரில் போய்ப் பேசு, போனில் வேண்டாம்; போனில் நீ எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிடுவாய்.

அத்தைக்கு என் நமஸ்காரம். கண் ஆபரேஷன் தேதி முடிவானதும் எழுது. மாமா அடுத்த மாதம் வருகிறாராமே, பருப்புப் பொடி கொடுத்துவிடு, நிறைய.

உன்,
சாரதா