காசு போட முதல் ஆய்விதழையும் பாருங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இப்ப பொடியள் பங்குச்சந்தை, கிரிப்டோ எண்டு நிறையக் கதைக்கினம், ஆனா புதுத் தொழில்நுட்பம் ஆய்விதழில, அதாவது விஞ்ஞானிகள் தங்கட ஆய்வு முடிவை எழுதுற இதழில, எப்பிடி முளைக்குது எண்டு பார்க்கிற ஆக்கள் குறைவு, உங்கட வணிகப் பக்கத்திலயும் அதைப் பற்றி ஒண்டும் வாறேல்லை எண்டதுதான் என்ர கவலை. லித்தியம் பற்றறியை எடுங்கோ, விஞ்ஞானி ஜோன் குடினஃப் ஆக்கள் அந்தப் பற்றறிக்குத் தேவையான லித்தியம் கோபால்ட் ஒக்சைட் பற்றி ஆய்விதழில எழுதினது 1980, சோனி கொம்பனி பற்றறியைக் கடைக்குக் கொண்டு வந்தது 1991. 11 வருசம்! எம்ஆர்என்ஏயும் (உடம்புக் கலங்களுக்கு எந்தப் புரதம் செய்யோணும் எண்டு சொல்லுற மூலக்கூறு) அப்பிடித்தான், விஞ்ஞானிகள் காரிக்கோவும் வைஸ்மனும் அதைப் பற்றி 2005ல எழுதின கட்டுரையை அந்த நேரம் பெரிசா ஆரும் கணக்கெடுக்கேல்லை, பிறகு பயோன்டெக் கொம்பனி 2008லயும் மொடேர்னா கொம்பனி 2010லயும் தொடங்கி, அதே எம்ஆர்என்ஏயால கொரோனா ஊசி வந்தது எல்லாருக்கும் தெரியும்.

அதுக்காக ஒரு ஆய்வுக் கட்டுரையைக் கண்ட உடன காணியை வித்துக் காசு போடச் சொல்லேல்லை. 2023 மார்ச்சில நேச்சர் இதழில அறை வெப்பநிலை மீகடத்தி (சாதாரண வெப்பநிலையிலயே தடையில்லாமல் மின்சாரம் கடத்துற பொருள்) எண்டு வந்த கட்டுரையை நவம்பரிலயே திருப்பி எடுத்திட்டினம். வேற லாப் ஒண்டு அதே முடிவைச் செய்து காட்டினதோ, பேட்டன்ட் (கண்டுபிடிப்பு உரிமை) ஆரிட்ட இருக்கு, ஆய்வுக்கு ஆர் காசு குடுத்தது, இதுகளைப் பார்க்கோணும். கட்டுரைச் சுருக்கத்தை அனேகமா போனிலயே இலவசமா வாசிக்கலாம்.

கிளிநொச்சி அறிவியல் நகரில இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில இதை விளங்கப்படுத்தக்கூடிய ஆக்கள் இருக்கினம், அவையளைக் கொண்டு கிழமைக்கு ஒரு பத்தி போடுங்கோ ஐயா, வவுனியா பல்கலைக்கழகத்திட்டயும் கேக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மாங்குளம்