‘ஐயம்’ முதலிய சொற்களுக்குக் குவாண்டம் இயற்பியல் வழியில் பொருள் விளக்கம் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற முதுகலை இயற்பியல் ஆசிரியர்,
திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்ட இயக்ககம்,
சென்னை.

பொருள்: ஐயம், நோக்கர், நிகழ்தகவு, அல்லது ஆகிய மெய்யியல், அளவையியல் (தருக்கவியல்) சொற்களுக்குத் துறைவாரிப் பொருள் விளக்கம் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் தமிழ்வழியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அணு, எலக்ட்ரான் போன்ற நுண்துகள்களைப் பற்றிய குவாண்டம் இயற்பியலில், ஒரு துகளின் இருப்பிடத்தையும் உந்தத்தையும் (நிறையும் வேகமும் பெருக்கிய அளவு) ஒருசேரத் துல்லியமாக வரையறுக்க முடியாது என்ற ஹைசன்பர்க் பாடம் வரும்போதெல்லாம் ஏதாவதொரு பிள்ளை எழுந்து ஒரே கேள்வியைக் கேட்கும்: “ஐயா, இன்னும் நல்ல கருவி கண்டுபிடிச்சா இந்த ஐயம் தீர்ந்துடும்ல?” பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லை என்றே முதல் சில ஆண்டுகள் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. பிள்ளை தமிழைச் சரியாகப் புரிந்துகொண்டது. நான் கொடுத்த சொல்தான் பிசகு. ஐயம் என்றாலே தெளிய வேண்டியது. ஐயம் கேட்கிறோம், ஐயம் தீர்க்கிறோம், ஐயந்திரிபறக் கற்கச் சொல்கிறோம். ‘ஐயப்பாட்டுக் கொள்கை’ என்று பெயர் வைத்துவிட்டு, இந்த ஐயம் மட்டும் என்றைக்கும் தீராது என்று எந்த வாயால் சொல்வது?

ஹைசன்பர்க் 1927-இல் ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரையில் பெரிதும் ஆண்டவை ‘துல்லியமின்மை’, ‘வரையறுபடாமை’ என்று பொருள்படும் சொற்கள். ஆங்கிலத்தில் நிலைத்ததோ, அறிகிறவரின் உறுதியின்மையைக் குறிக்கும் சொல். அதைப் பார்த்துத் தமிழாக்கியதால்தான் ஐயப்பாடு, நிச்சயமற்ற தன்மை என்றெல்லாம் வழங்குகிறோம். ஐயம் அறிகிறவரிடம் இருப்பது. ஹைசன்பர்க் சொன்னது பொருளின் நிலையைப் பற்றியது. ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ ஓர் அணுவின் அகலமுள்ள இடத்துக்குள் ஓர் எலக்ட்ரானை அடைத்தால், அதன் வேகத்தின் பரவல் நொடிக்கு ஏறக்குறைய 580 கிலோமீட்டருக்குக் கீழே இறங்காது. கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. எலக்ட்ரான் அணுக்கருவுக்குள் விழுந்து அணு நொறுங்கிப் போகாமல் நிற்பதே இதனால்தான். நாம் உட்கார்ந்திருக்கும் நாற்காலி உறுதியாக இருப்பதற்கான காரணத்துக்கு ‘ஐயம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம்!

‘அறுதியின்மை’ என்ற சொல் ஏற்கெனவே சிலரிடம் புழங்குகிறது. அதையே முதன்மைச் சொல்லாக வைத்து, “ஒரு துகளின் இருப்பிடப் பரவலும் உந்தப் பரவலும் சேர்ந்து ஓர் எல்லைக்குக் கீழே சுருங்காமை” என்று பொருள் எழுதலாம். ஐயம் என்ற சொல் மெய்யியலிலேயே இருக்கட்டும். அங்கே அதற்கு நெடுங்காலமாகத் தக்க வேலை இருக்கிறது.

அடுத்தது ‘நோக்கர்’, அதாவது துகளை அளந்து பார்ப்பவர். மனிதன் பார்ப்பதால்தான் உலகம் உண்டாகிறது என்று மேடையில் ஒருவர் முழங்கியதைக் கேட்டு வருந்தியிருக்கிறேன். அவர் நம்பியது இந்தச் சொல்லை. 2004-இல் வியன்னாவில் நடந்த ஆய்வு ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை லேசரால் சூடேற்றிக் கீற்றணிகளின் (நெருக்கமான நுண்பிளவுகளின் வரிசை) வழியே அனுப்பினார்கள். சூடு ஏற ஏற, மூலக்கூறுகள் தாமே வெளிவிட்ட வெப்ப ஒளி அவை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தது. அலைகள் ஒன்றோடொன்று கலப்பதால் உண்டாகும் குறுக்கீட்டுப் பட்டைகள் மங்கி மறைந்தன. அந்த ஒளியை யாரும் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஆகவே நோக்கர் என்ற ஆளை எடுத்துவிட்டு ‘அளவை நிகழ்வு’ என்று வைக்கக் கோருகிறேன். மணிமேகலையின் 27-ஆம் காதையில் அளவைவாதி காண்டல், கருதல் என்று தொடங்கிப் பத்து அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, அடுக்குகிறான். அறியும் வழிக்கும் அளந்து பார்ப்பதற்கும் தமிழில் ஒரே வேர் என்பது நமக்கு வாய்த்த பேறு. முன்னோருக்குக் குவாண்டம் தெரிந்திருந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது முன்னோருக்கும் தீங்கு, அறிவியலுக்கும் தீங்கு.

நிகழ்தகவுக்கு, நமக்குத் தெரியாததன் அளவு என்பதே பழைய விளக்கம். தாயக்கட்டையை உருட்டும் கையின் விசையெல்லாம் தெரிந்தால் விழும் எண்ணைச் சொல்லிவிடலாம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. கார்பன்-14 அணுக்கருக்கள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கருக்கள் சிதைய ஆகும் காலம், 5,730 ஆண்டு. ஒன்று இன்றே சிதையும், மற்றது ஆயிரம் ஆண்டு கழித்துச் சிதையும். இரண்டையும் வேறுபடுத்தும் எதுவும் குவாண்டம் கோட்பாட்டில் இல்லை. துகள் தன் விடையை முன்பே சுமந்து வருகிறது, தொலைவில் நடப்பது அதைத் தொடாது என்ற இரண்டையும் சேர்த்து நம்பினால் தொலைவிலுள்ள இரு துகள்களின் அளவீடுகள் ஒத்துப்போவதற்கு ஓர் எல்லை உண்டாகும் என்று 1964-இல் இயற்பியலாளர் ஜான் பெல் காட்டினார். ஆய்வுகள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. அந்த வழியில் உழைத்த ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது. இயற்பியலாளர் டேவிட் போம் 1952-இல் முன்வைத்த விளக்கம் துகளுக்குத் திட்டமான பாதை தருகிறது. அதற்கு விலையாகத் தொலைவில் நடப்பது துகளைத் தொடும் என்று ஒப்புக்கொள்கிறது. எனவே அகரமுதலி ஒரு கட்சியில் சேர வேண்டியதில்லை. ‘அறியாமையின் அளவு’ என்பது நிகழ்தகவின் ஒரே பொருள் அன்று என்று பதிந்தால் போதும்.

என்னை அதிகம் அலைக்கழித்தது ‘அல்லது’ என்ற சிறு சொல். இன்று மழை பெய்கிறது. இடி இடிக்கிறது அல்லது இடிக்கவில்லை. அப்படியானால் மழையும் இடியும் இருக்க வேண்டும், அல்லது இடியில்லாத மழை இருக்க வேண்டும். இதை மறுக்க யாராலும் முடியாது. 1922-இல் பிராங்க்பர்ட்டில் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியே செலுத்தியபோது கற்றை இரண்டாகப் பிரிந்தது. கற்றையைப் பிரித்தது அணுவின் தற்சுழற்சி என்ற உள்ளார்ந்த பண்பு. மேலே போன அணுவின் தற்சுழற்சியை ‘மேல்’ என்போம். அதே அணுவைப் பக்கவாட்டுக் காந்தத்தில் விட்டால் இடம் அல்லது வலம் என்று விடை வரும். ஆனால் ‘மேலும் இடமும்’ என்ற நிலையோ, ‘மேலும் வலமும்’ என்ற நிலையோ அந்த அணுவுக்குக் கிடையாது. மழைக்கு நடந்த கணக்கு இங்கே நடக்கவில்லை. கணித அறிஞர்களான பிர்காஃப், ஃபான் நாய்மன் இருவரும் 1936-இல் இதைத்தான் எழுதினார்கள்: உம்மையை ‘அல்லது’வுக்குள் பங்கிட்டுத் தரும் விதி குவாண்டம் கூற்றுகளுக்குப் பொருந்தாது. அங்கே ‘அல்லது’ உண்மையாக இருக்க, அதன் இரு பக்கங்களில் ஒன்றுகூட உண்மையாக இருக்க வேண்டியதில்லை. இதனால் அளவையியலே மாறிவிட்டது என்று மெய்யியலாளர் ஹிலாரி பட்னம் வாதிட்டார், பின்னர் கைவிட்டார். நானும் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ‘குவாண்டம் அளவையியலில்’ என்ற துறைக்குறியோடு இரண்டாம் பொருள் ஒன்று இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒன்றிய அரசு 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது. அந்த ஆய்வுக்கூடங்களுக்குத் தமிழ்வழியில் படித்த பிள்ளைகளும் போக வேண்டும். அங்கே போய், தாம் கற்ற சொற்களை மறந்த பிறகே பொருளைக் கற்க வேண்டிய நிலை அவர்களுக்கு வரக்கூடாது.

1974-இல் பாவாணர் அவர்களை முதல் இயக்குநராகக் கொண்டு தொடங்கிய இயக்ககம் தங்களுடையது. சொல்லின் வேரைத் தோண்டிப் பார்க்கும் பழக்கம் அதன் பிறவிக்குணம். எனவே இச்சொற்களுக்கு இயற்பியல், மெய்யியல், அளவையியல் என்று தனித்தனித் துறைக்குறியுடன் பொருள் சேர்க்கவும், இயக்ககத்தின் இணையச் சொல்தொகுப்பான சொற்குவையில் அவற்றை வெளியிடவும், அதற்கென இயற்பியலாரும் அளவையியலாரும் தமிழறிஞரும் வகுப்பறை ஆசிரியரும் கொண்ட சிறு குழு அமைக்கவும் பணிந்து வேண்டுகிறேன். நாம் இயற்பியல் என்பதை இலங்கையில் பௌதிகவியல் என்கிறார்கள். அவர்கள் வகுப்பறைச் சொற்களையும் அருகிலேயே தர வேண்டும். பழைய பொருள் எதையும் நீக்க வேண்டாம்.

பணிக்காலத்தில் குறித்து வைத்த 40 சொற்களின் பட்டியலை, ஒவ்வொன்றுக்கும் மாணவர்கள் கேட்ட கேள்வியுடன், இம்மனுவோடு இணைத்துள்ளேன். குழு அழைத்தால் என் சொந்தச் செலவில் சென்னைக்கு வந்து விளக்கம் தருவேன்.

இடம்: திருவாரூர்

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)