விடைக்குறிப்பில் இல்லாத மாணவி: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சமூகவியல் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். உலகமயமாக்கல் தாளிலிருந்து உழைப்பும் இடப்பெயர்வும் பற்றிய அலகை ஏன் எடுத்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. காரணம் உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்: திருத்துவதற்குச் சிரமமான அலகு அது. அதைத் திரும்பச் சேருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கடந்த தேர்வில் ‘உலகமயமாக்கல் குடும்பத்தில் ஏற்படுத்திய மாற்றங்கள்’ என்று ஒரு கேள்வி வந்தது. என் மாணவி ஒருத்தி, அயல்நாட்டில் யாரோ ஒருவரின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகும் தாய்மார்களைப் பற்றி எழுதியிருந்தாள். அந்தத் தாயின் பிள்ளைகளைப் பாட்டி வளர்க்கிறாள். பாட்டிக்கு முடியாமல் போனால், மூத்த மகள் படிப்புக்கு நடுவே தம்பி தங்கைகளுக்குத் தாயாகிறாள். வசதியான வீட்டில் கூலிக்குத் தொடங்கும் வேலை, கை மாறி மாறி, கடைசியில் கூலியே இல்லாத ஒரு சிறுமியின் தலையில் வந்து விழுகிறது. சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட் 2000-ஆம் ஆண்டில் ‘உலகளாவிய பராமரிப்புச் சங்கிலி’ என்று பெயரிட்டது இதைத்தான். மாணவி அந்தப் பெயரை எழுதவில்லை. சொல்லித்தர அலகு இருந்தால்தானே! ஆனாலும் சங்கிலியை முழுதாக எழுதிவிட்டாள். அந்த மூத்த மகள் அவள்தான்.

கிடைத்த மதிப்பெண் பூஜ்யம். விடைக்குறிப்பில் இருந்தவை கூட்டுக்குடும்பச் சிதைவு, நுகர்வுப் பெருக்கம், மேலைப் பண்பாட்டின் தாக்கம். அவ்வளவுதான்.

மீதமிருக்கும் பாடமாவது உருப்படியாக இருக்கிறதா? மானுடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1990-இல் சொன்ன ஐந்து பரப்புகளை மாணவர்கள் வரிசை தவறாமல் ஒப்பிக்கிறார்கள். பணம், ஆட்கள், தொழில்நுட்பம், ஊடகம், கருத்து ஆகிய இந்த ஐந்தும் ஒன்றோடொன்று ஒத்துப் போகாமல் தனித்தனி வேகத்தில் நகர்கின்றன என்பதுதான் அவர் வாதமே. பணம் நொடியில் எல்லை தாண்டும், ஆள் விசாவுக்குக் காத்துக் கிடப்பான். அதைப் பற்றி ஒரு கேள்வியும் வருவதில்லை. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் டாக்கா அருகே, ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டும், ஆடைத் தொழிலாளர்களை மறுநாள் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நம் பாடத்தில் இந்த ஆடைகள் வருவது ஒரே இடத்தில்தான்: ‘நன்மைகள்: பொருள்கள் மலிவாகக் கிடைத்தல்.’

ஒன்றை மட்டும் பாராட்டியாக வேண்டும். செயல்திறன், கணக்கிடல், முன்கூட்டியே கணிக்க முடிதல், கட்டுப்பாடு என்ற நான்கும் சேர்ந்தால் சமூகமே துரித உணவகம் போல் இயங்கும் என்றார் சமூகவியலாளர் ஜார்ஜ் ரிட்சர். அதற்கு இனி வெளியே உதாரணம் தேட வேண்டாம், உங்கள் விடைக்குறிப்பை வகுப்பில் காட்டினாலே போதும்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த அலகை அடுத்த பருவத்திலேயே திரும்பச் சேருங்கள். அதோடு ஒரு சிறிய களஆய்வும் இருக்கட்டும். தங்கள் வீட்டிலிருந்து யார் எங்கே வேலைக்குப் போனார்கள், அவர்கள் விட்டுப்போன வேலையை யார் செய்கிறார்கள் என்று மாணவர்களே கேட்டு எழுதினால் போதும், செலவு எதுவும் இல்லை. விடைக்குறிப்பில் ‘பொருத்தமான பிற விடைகளும் ஏற்கப்படும்’ என்று ஒரு வரி சேர்த்து, அந்த மாணவியின் விடைத்தாளை மறுமதிப்பீட்டுக்கு அனுப்புமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பாடத்திட்டத்தை நடத்தும் ஆசிரியர்களில் ஒருவர்