ஜவான் பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், பிள்ளைகளைப் படை அதிகாரிகளாகத் தயார்செய்யும் சைனிக் பள்ளிகளைப் பற்றி வந்த கட்டுரையில் பெங்களூரு ராஷ்ட்ரிய மிலிட்டரி ஸ்கூலையும் சைனிக் பள்ளி என்றே எழுதியிருந்தார்கள். சின்னப் பிழைதான். ஆனால் இந்தக் குழப்பத்தாலேயே வாய்ப்பைத் தவறவிட்டவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் நிறையப் பேர்.

உடுமலை அருகே அமராவதிநகரில் 1962-இல் தொடங்கிய சைனிக் பள்ளியில் யார் வீட்டுப் பிள்ளையும் தேர்வெழுதிச் சேரலாம். படைவீரர் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம். ராஷ்ட்ரிய மிலிட்டரி ஸ்கூல் என்பது வேறு. நாடு முழுக்க ஐந்தே ஐந்து: சைல், அஜ்மீர், பெலகாவி, பெங்களூரு, தோல்பூர். தோல்பூரைத் தவிர மற்றவை வெள்ளைக்காரர் காலத்தில் சிப்பாய்களின் மகன்களுக்கென்றே ஏற்பட்டவை. பெங்களூருப் பள்ளி 1946-இல் வந்தது. பிற்பாடு அதிகாரிகள், சிவிலியன்கள் வீட்டுப் பையன்களையும் சேர்த்தார்கள். ஆனாலும் 70 சதவீத இடம் ஜவான்கள் என்கிற சாதாரணப் படைவீரர்கள், அவர்களுக்கு மேலே சுபேதார் போன்ற ஜே.சி.ஓ.க்கள் பிள்ளைகளுக்குத்தான். இதற்கான நுழைவுத் தேர்வும் தனி. சைனிக் தேர்வு ஒன்றை எழுதிவிட்டு, இரண்டுக்கும் அதுவே போதும் என்று இருந்துவிடுகிறார்கள்.

என் கணவர் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். எங்கள் மூத்த மகள் ஒன்பதாம் வகுப்புக்குள் ஆறு பள்ளி பார்த்துவிட்டாள். ஜபல்பூரில் பின்னக் கணக்கு அடுத்த வருஷம் என்றார்கள். நடுவில் மாற்றலாகிப் பதான்கோட் போனால், அங்கே அதை நடத்தி முடித்திருந்தார்கள். கணக்குப் பரீட்சை என்றாலே அவளுக்குக் காய்ச்சல் வரும். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத ஃபீல்ட் போஸ்டிங் அவருக்கு வந்தபோது பிள்ளைகளோடு ஊருக்கு வந்தேன். அங்கே அவளுக்குத் தமிழ்ப் புத்தகம் படிக்கத் தெரியவில்லை.

யூனிட்டில் ஒரு சுபேதார் சொல்லித்தான் பெங்களூருப் பள்ளியைப் பற்றியே எங்களுக்குத் தெரியும். மகனைத் தேர்வெழுத வைத்தோம், ஆறாம் வகுப்பில் இடம் கிடைத்தது. சட்டைக் காலர், சாக்ஸ், துண்டு எல்லாவற்றிலும் அவன் நம்பரைச் சிவப்பு நூலால் தைத்தேன். பதினோரு வயதுப் பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு வருவது லேசில்லை. ரயில் ஜோலார்பேட்டை தாண்டும்வரை நான் அழுதுகொண்டே வந்தேன். ஆனால் அதன்பின் ஏழு வருஷத்தில் எங்கள் விலாசம் மூன்று முறை மாறியது, அவனுடையது மாறவேயில்லை. அவனுக்கு ஒரு பாடமும் நடுவில் விட்டுப்போகவில்லை. பத்து வருஷமாகப் பழகும் நண்பன் என்று ஒருவன் அவனுக்கு உண்டு. என் மகளுக்கு அப்படி யாரும் அமையவில்லை.

அப்போது அந்தப் பள்ளிகளில் பெண் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. 2021-இல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்குக்குப் பிறகு, 2022-23 கல்வியாண்டு முதல் சேர்க்கிறார்கள். இது ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெண்ணைப் பெற்றவர்களிடம் சொன்னால், "அது பையன்கள் பள்ளியாச்சே" என்கிறார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கை அறிவிப்பு வரும்போது, விண்ணப்பிக்கக் கடைசித் தேதியோடு உங்கள் இதழில் வெளியிட வேண்டுகிறேன். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களும் தமிழில் ஒரு தாள் அச்சிட்டு, ராணுவக் கேன்டீனுக்கு வருவோர் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டலாம். என் தங்கை மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. அவள் அப்பா சிக்கிமில் இருக்கிறார். இந்த முறை அவளுக்கு விண்ணப்பம் போடப் போகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வேலூர் மாவட்டம்